பேட்டரி மாற்றியும் காடி கிளம்பவில்லை: பிஎம்டபிள்யூ எஃப்10, ஆலோசனை தேவை

வெள்ளைக்காடி | சிகாம்புட், கோலாலம்பூர்

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 520ஐ, எஃப்10 மாடல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சீனப் பெருநாள் சமயத்தில் பேட்டரி போய்விட்டது. வீட்டுக்கே வந்து மாற்றித் தரும் ஓர் ஆளைக் கூப்பிட்டுப் புதிது போட்டேன். இன்னும் தீபாவளிகூட வரவில்லை, அதற்குள் மறுபடியும் கிளம்ப மாட்டேன் என்கிறது.

வார நாட்களில் ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன். கார் கொண்டோவின் கீழ்த்தளத்தில் அப்படியே நிற்கும். சனிக்கிழமை காலையில் பொத்தானை அமுக்கினால் டிக் டிக் என்று சத்தம், மீட்டரில் எல்லா விளக்குகளும் சேர்ந்து எரியும், அவ்வளவுதான். அதற்கு முந்தைய வாரங்களில், நிறுத்தியிருக்கும்போது பேட்டரி அதிகம் காலியாகிறது என்று திரையில் ஓர் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது.

ஒரு பட்டறையில், ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். இன்னோர் இடத்தில், இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு விலை கூடிய பேட்டரி போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். இரண்டுமே சின்னத் தொகை இல்லை. அம்மாவைச் சனிக்கிழமை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது இந்தக் காரில்தான், அதனால் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வர வேண்டும். எதை முதலில் செய்வது?

பங்சார் மேடு | கோலாலம்பூர்

முதலில் காரை எழுப்பும் வழியைச் சொல்கிறேன். பேட்டரி பூட்டில், அதாவது பின்பக்க டிக்கியில் இருக்கிறதே, அந்தப் பூட்டும் திறக்கவில்லையே என்று பதற வேண்டாம். சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் டிரைவர் கதவைத் திறக்கலாம். பொனெட்டுக்குக் கேபிள்தான், மின்சாரம் தேவையில்லை. பொனெட்டுக்கு உள்ளே ஒரு மூடிக்கு அடியில் பாசிட்டிவ் முனை இருக்கும், நெகட்டிவுக்குப் பாடியில் தனியாக ஒரு போல்ட் கொடுத்திருப்பார்கள். ஜம்பர் கேபிளின் சிவப்பை முதலில் செத்த காரில் மாட்டி, அடுத்து உதவும் காரில் மாட்டுங்கள். பிறகு கறுப்பு உதவும் காரில், கடைசியாக உங்கள் காரின் அந்த போல்ட்டில். கழற்றும்போது அப்படியே தலைகீழ்.

கீழ்த்தளம் என்பதால் இன்னொன்று. இழுக்கும் லோரி பல கொண்டோ கீழ்த்தளங்களுக்குள் வராது, கூரை தாழ்வு. கியரும் மின்சாரம் இல்லாமல் பி-யிலேயே மாட்டிக்கொள்ளும், தள்ளக்கூட முடியாது. அதனால் வேறு காரை எதிர்பார்க்காமல் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று வீட்டில் வைத்திருங்கள். காருக்குள் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காரின் சூடு அதன் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது.

பட்டறைவாசி | கெப்போங்

தம்பி, இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். எழுதியதைப் படித்தால் ஆல்டர்னேட்டர் கெட்டதாகத் தெரியவில்லை. ஆல்டர்னேட்டர் கெட்டால் ஓடும்போதே எச்சரிக்கை விளக்கு வரும், பெரும்பாலும் சாலையிலேயே காட்டிக் கொடுத்துவிடும். உங்கள் காடி நின்ற இடத்தில் சாகிறது. நிறுத்திய பிறகு எதுவோ மின்சாரத்தைக் குடிக்கிறது.

நான் பல வருடமாக ஜெர்மன் காடிகளில்தான் வேலை செய்கிறேன். பேட்டரி, பேட்டரி என்று மாற்றிக்கொண்டே போய், கடைசியில் கசிவு எங்கே என்று யாருமே பார்க்காத காடிகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் புதிய பேட்டரி கொஞ்ச நாள் தாக்குப் பிடிப்பதால், மாற்றியது சரிதான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலையில், பொத்தானைத் தொடுவதற்கு முன் எவ்வளவு வோல்ட்? என்ஜின் ஓடும்போது எவ்வளவு? மாட்டியிருக்கும் பேட்டரியின் மேல் ஏஜிஎம் என்று வகை போட்டிருக்கிறதா, கொள்ளளவு எத்தனை ஆம்பியர்-மணி? மாற்றிய ஆள் கம்ப்யூட்டர் மாட்டி, புது பேட்டரி என்று காடியில் பதிவு செய்தாரா? பேட்டரியின் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் போகிறதா?

ஜாலான் ஈப்போ | கோலாலம்பூர்

இவ்வளவு தலைவலி எதற்கு? நம் ஊர் வெயிலில் எந்த பேட்டரியும் இரண்டு மூன்று வருடம்தான். விலை குறைந்த சாதாரண பேட்டரி ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, வாரநாளில் ஒருமுறை என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். என் பழைய பிஎம்டபிள்யூ இ90-ஐ அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பட்டறைவாசி | கெப்போங்

வெயில் விஷயம் சரி. வெப்பம் பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. ஜெர்மனியில் ஆறேழு வருடம் போகும் பேட்டரி இங்கே அவ்வளவு போகாது. என்ஜின் பக்கத்தில் இல்லாமல் பூட்டில் இருப்பதால் இந்த மாடல்களுக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஆனால் சாதாரண பேட்டரி போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஏஜிஎம்-இல் அமிலம் கண்ணாடி நார் விரிப்பில் ஊறியிருக்கும், ததும்பும் நீராக இருக்காது. பிஎம்டபிள்யூ தன் பேட்டரியை எப்போதும் நிறைத்து வைப்பதில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது கிடைக்கும் சக்தியைச் சேமிக்கக் கொஞ்சம் இடம் விட்டே ஓட்டும். அப்படி அரைகுறையாக நிறைந்து காலியாகும் வாழ்க்கையைத் தாங்க ஏஜிஎம்-ஆல் முடியும். சாதாரண பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். அதோடு ஏஜிஎம்-க்கு என்று வைத்த சார்ஜ் அளவைச் சாதாரண பேட்டரிக்குக் கொடுத்தால், நம் சூட்டில் தண்ணீர் வற்றும், வாயு கிளம்பும்.

அந்த வாயுவுக்குத்தான் குழாயைக் கேட்டேன். பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன், தீப்பிடிக்கக்கூடியது. பேட்டரி பூட்டில், அதாவது நாம் உட்காரும் அறையோடு சேர்ந்த இடத்தில் இருப்பதால், குழாய் வழியாக அது வெளியே போயாக வேண்டும். மாற்றுகிறவர்கள் அவசரத்தில் குழாயை மாட்டாமல் போய்விடுகிறார்கள். இதில் மட்டும் அலட்சியமே கூடாது.

நின்ற இடத்தில் என்ஜினை ஓட விடுவதும் பெரிய பயன் தராது. ஐடிலில் ஏர்கான், மின்விசிறி, கம்ப்யூட்டர்கள் எடுத்தது போக பேட்டரிக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். கீழ்த்தளத்தில் புகை வேறு.

வெள்ளைக்காடி | சிகாம்புட்

அண்ணே, நன்றி. பார்த்துவிட்டேன். காலையில் தொடுவதற்கு முன் 11.7 வோல்ட். ஜம்ப் செய்து ஓட விட்டபோது 14.3. பேட்டரி சாதாரண வகை, 80 ஆம்பியர்-மணி. காரோடு வந்த புத்தகத்தின்படி 90 ஏஜிஎம் இருக்க வேண்டும். பதிவு எதுவும் செய்யவில்லை, அந்த ஆள் கம்ப்யூட்டரையே எடுக்கவில்லை. குழாய் தனியாகத் தொங்குகிறது.

மின்னோட்டம் | பாயான் லெப்பாஸ், பினாங்கு

நான் தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் வேலை. 14.3 என்றால் ஆல்டர்னேட்டர் நன்றாகவே இருக்கிறது. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த வகை கார்களில் ஆல்டர்னேட்டர் எப்போதும் ஒரே வோல்ட் கொடுக்காது. ஓடும்போது ஒரு சமயம் பதின்மூன்றுக்கும் கீழே இறங்கும், பிரேக் போடும்போது பதினான்கரைக்கு மேலே ஏறும். அதைப் பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டர் போச்சு என்று சொல்லும் பட்டறைப் போர்மேன்கள் உண்டு.

ஓய்வில் 12.7க்கு மேல் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 11.7 என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்படித் திரும்பத் திரும்ப காலியானால் தகடுகளில் லெட் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு வராது.

இனி கசிவு. காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் உறங்கிய பிறகு நல்ல நிலையில் உள்ள கார் 50 மில்லி ஆம்பியர் அளவுதான் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, வாரக்கணக்கில் நின்றாலும் கிளம்பிவிடும். அதுவே அரை ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 12 போகும். உங்கள் 80 பேட்டரியில் ஐந்து நாளில் 60 போய், கிளம்ப முடியாத நிலைக்கு வந்துவிடும்.

அளக்கும் முறை: பூட்டைத் திறந்து வைத்து, பூட்டின் லாக் கொக்கியை மட்டும் ஒரு ஸ்குரூடிரைவரால் அமுக்கி மூடுங்கள். பூட்டு மூடியிருக்கிறது என்று கார் நினைத்துக்கொள்ளும். பிறகு ரிமோட்டில் காரை லாக் செய்யுங்கள். சாவியைத் தூரமாக எடுத்துப் போய்விடுங்கள், பக்கத்தில் இருந்தால் சில கார்கள் விழித்துக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் காத்திருங்கள். நெகட்டிவ் கேபிளைச் சுற்றி கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பாருங்கள். கேபிளைக் கழற்றவே வேண்டாம். கழற்றி மாட்டினால் எல்லா கம்ப்யூட்டர்களும் விழித்துக்கொண்டு எண் பொய்யாகிவிடும்.

அளவு கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களைப் பிடுங்காதீர்கள், அதே காரணம்தான். ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து இரண்டையும் தொடுங்கள். சுழியம் காட்டினால் அந்த வழியில் ஓட்டமில்லை. எண் காட்டினால் அந்த ஃபியூஸ் வழியாக ஏதோ குடித்துக்கொண்டிருக்கிறது.

பட்டறைவாசி | கெப்போங்

நண்பர் சொன்ன முறை அருமை. நெகட்டிவ் முனையின் மேல் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும், ஐபிஎஸ் சென்சார். பேட்டரி எவ்வளவு வாங்குகிறது, எவ்வளவு கொடுக்கிறது என்று காடிக்குச் சொல்வது அதுதான். ஸ்குரூடிரைவரால் நெம்பிக் கழற்றினால் உடைந்துவிடும். அந்த சென்சாரே பழுதாகிக் காடியை உறங்க விடாமல் செய்வதும் உண்டு.

வழக்கமான சந்தேகப்பட்டியலையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்தியபோதும் ஓடும்படி மாட்டிய டேஷ் கேம்தான் நம் நாட்டில் முதலிடம். அதில் பேட்டரி இறங்கினால் தானே அணையும் வோல்டேஜ் கட்-ஆஃப் இருந்தால் 12.4இல் வையுங்கள், 12.0 ரொம்பக் கீழே. வெளியில் வாங்கி மாட்டிய ஆண்ட்ராய்டு திரை, ஆம்ப்ளிஃபையர். இ90 வகையில் ஏர்கான் புளோவரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர், மழைநீர் புகுந்த கதவுக் கைப்பிடி. டோலுக்கு ஒட்டும் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கரைச் சிலர் சந்தேகப்படுகிறார்கள், அதற்கு மின்சாரமே வேண்டாம்.

தஞ்சோங் பூங்கா | பினாங்கு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது மெர்சிடிஸ் டபிள்யூ212. துணை பேட்டரி பழுது என்று மீட்டரில் வருகிறது, ஈகோ ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்வதில்லை. கார் மட்டும் நன்றாகக் கிளம்புகிறது. பெரிய பேட்டரியை மாற்ற வேண்டும் என்று ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் சொன்னார்கள். அப்படித்தானா?

பட்டறைவாசி | கெப்போங்

ஐயா, பெரியதை மாற்றினால் அந்த எச்சரிக்கை போகாது. இந்த மாடலில் இரண்டாவதாக ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது, 12 ஆம்பியர்-மணி அளவு. சிக்னலில் நின்று என்ஜின் மறுபடியும் கிளம்பும் நொடியில் மற்ற மின்கருவிகளுக்கு வோல்ட் குறையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. விலையும் பெரியதைவிட மிகக் குறைவு. பெரியதை, சுமை கொடுத்துப் பார்க்கும் லோட் டெஸ்டரில் சோதிக்கச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் குட்டியை மட்டும் மாற்றினால் போதும். பிஎம்டபிள்யூ மாதிரிப் பதிவு செய்யும் வேலை உங்கள் மாடலுக்கு இல்லை. ஆடி, போர்ஷே, ரேஞ்ச் ரோவர் வைத்திருப்பவர்கள்தான் மாற்றும் முன் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாயான் பாரு அக்கா | பினாங்கு

என்னுடையது 330இ, சார்ஜ் செய்யும் ஹைப்ரிட். பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் ஒருநாள் கார் அசையவே இல்லை. எல்லாரும் பெரிய பேட்டரி போச்சு, பல ஆயிரம் வெள்ளி என்று பயமுறுத்தினார்கள். கடைசியில் பார்த்தால் பூட்டில் இருந்த 12 வோல்ட் பேட்டரிதான். பழைய ஹைப்ரிட் வாங்க நினைப்பவர்களுக்காக இதைப் பதிவு செய்கிறேன்.

மின்னோட்டம் | பாயான் லெப்பாஸ்

அக்கா சொல்வது முக்கியமான விஷயம். முதல் தலைமுறை 330இ-யின் பெரிய பேட்டரி 7.6 கிலோவாட்-மணி, ஆனால் நிறுத்தியதும் அது காரிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும். மறுபடி இணைக்கும் கான்டாக்டர் சுவிட்சை இயக்க 12 வோல்ட் வேண்டும். சின்னது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் கதவு பூட்டிய கிடங்குதான். அந்த காரில் ஆல்டர்னேட்டரும் கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் வழியாகத்தான் சின்னது நிறைகிறது. சின்னதை யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள், அது உயர் வோல்டேஜ். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள்தான் வேண்டும்.

வெள்ளைக்காடி | சிகாம்புட்

கண்டுபிடித்தாகிவிட்டது! கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் ஒயர்மேன் ஒருவரை செந்தூலிலிருந்து அழைத்து வந்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் 0.41 ஆம்பியர் காட்டியது. பூட்டில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் ஒன்றில் மட்டும் மில்லி வோல்ட் வந்தது. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் பக்கவாட்டு மூடிக்குப் பின்னால் கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஜிபிஎஸ் டிராக்கர். முந்தைய உரிமையாளர் மாட்டியதாக இருக்க வேண்டும், கார் வாங்கியபோது யாரும் சொல்லவில்லை. உள்ளே இருந்த சிம் செத்துவிட்டது, அதனால் இரவு பகலாகச் சிக்னல் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது என்கிறார் ஒயர்மேன். கழற்றிய பிறகு அளந்தால் 0.03.

மின்னோட்டம் அண்ணன் போட்ட கணக்கு அப்படியே பொருந்துகிறது. 0.41 என்றால் நாளுக்கு ஏறக்குறைய 10 ஆம்பியர்-மணி. ஞாயிறு இரவிலிருந்து சனிக்கிழமைக்குள் ஐம்பதுக்கு மேல் போயிருக்கிறது.

இப்போது என் கேள்வி: இருக்கும் பேட்டரியையே சார்ஜ் செய்து வைத்துக்கொள்ளலாமா?

ஜாலான் ஈப்போ | கோலாலம்பூர்

கசிவுதான் போய்விட்டதே. மெதுவாகச் சார்ஜ் செய்து ஓட்டுங்கள், ஆயிரம் வெள்ளி மிச்சம். இந்த அளவுக்குத் தேடிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்காது, நல்ல வேலை செய்தீர்கள்.

பட்டறைவாசி | கெப்போங்

டிராக்கரைக் கண்டுபிடித்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி தம்பி. ஒயரை வெட்டி அப்படியே விட்டிருந்தால், அந்த நுனியை நன்றாகக் காப்பிட்டு மூடச் சொல்லுங்கள். பாடியில் உரசினால் ஷார்ட்.

பேட்டரியைச் சார்ஜ் செய்து, ஓர் இரவு ஓய்வு கொடுத்து, பிறகு லோட் டெஸ்டரில் பாருங்கள். சார்ஜ் செய்த உடனே பார்த்தால் மேலோட்டமான வோல்ட் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும். கடையில் அதன் சிசிஏ எண்ணை, அதாவது காடியைக் கிளப்பும் திறனை, பேட்டரி மேல் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். நன்றாகக் குறைந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒருவேளை எண் நன்றாகவே வந்தாலும், அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் காடியில், இத்தனை முறை அடிதட்டிய, வகையும் மாறிப்போன ஒரு பேட்டரியை நான் வைத்திருக்க மாட்டேன். காசு மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது.

வாங்கும்போது 90 ஏஜிஎம்-ஐயே கேளுங்கள். கிடைக்காமல் 95 போட்டால் நீளம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், காடியின் நினைவில் கொள்ளளவையும் மாற்றி எழுத வேண்டும். அதே வகை, அதே அளவு என்றால் பதிவு மட்டும் போதும். பதிவு என்றால் வேறொன்றுமில்லை, புது பேட்டரி வந்துவிட்டது என்று காடிக்குச் சொல்வதுதான். சொல்லாவிட்டால் கிழட்டு பேட்டரிக்குக் கொடுத்த அதே சார்ஜைப் புதியதற்கும் கொடுத்துக்கொண்டிருக்கும். காடியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒபிடி அடாப்டரும் ஃபோன் செயலியும் வைத்து நாமே செய்யலாம், ஐந்து நிமிட வேலை.

தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். கடையின் சூட்டில் பல மாதம் கிடந்த பேட்டரி விலை குறைவாகக் கிடைக்கும், வேண்டாம். மாட்டும் முன் மீட்டரை வையுங்கள், 12.5க்குக் கீழே இருந்தால் வேறு கொடுக்கச் சொல்லுங்கள். குழாய் மாட்டியதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

பங்சார் மேடு | கோலாலம்பூர்

பழைய பேட்டரியைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள், ஈயத்துக்கு விலை உண்டு. கடையில் டிரேட்-இன் கழித்துக்கொள்வார்கள். குப்பையில் போடுவதோ கொண்டோவின் மூலையில் விட்டுவிடுவதோ கூடாது. 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஈய-அமில பேட்டரி இங்கே அட்டவணையிட்ட கழிவு, எஸ்டபிள்யூ102 என்று தனிக் குறியீடே இருக்கிறது.

வெள்ளைக்காடி | சிகாம்புட்

மாற்றியாகிவிட்டது. பழையது டெஸ்டரில் தேறவில்லை. 90 ஏஜிஎம், பதிவும் சேர்த்து, பழையதைக் கழித்தது போக ஆயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் மேல் வந்தது. குழாயை நானே இழுத்துப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது. ஒரு வாரம் முழுக்கத் தொடாமல் நிறுத்திவிட்டு இன்று காலையில் அளந்தேன்: 12.6. முதல் அமுக்கிலேயே கிளம்பியது, அம்மாவை அழைத்துக்கொண்டு நேரத்துக்குப் போய்விட்டோம்.

ஆல்டர்னேட்டருக்கு என்று எடுத்து வைத்திருந்த பணம் அப்படியே இருக்கிறது. அண்ணன்மார், அக்கா எல்லாருக்கும் மனதார நன்றி. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது கார் இன்னும் கூடுதல் நாள் நிற்கும். அதற்கு என்ன செய்யலாம்?

மின்னோட்டம் | பாயான் லெப்பாஸ்

0.03 ஆம்பியருக்கு இரண்டு வாரம் நின்றாலும் பத்து ஆம்பியர்-மணிதான் போகும், கவலையே வேண்டாம். அதற்கும் மேல் என்றால் பேட்டரியை நிறைவாகவே வைத்திருக்கும், ஏஜிஎம் நிலை உள்ள மெயின்டனர் சார்ஜர் ஒன்றைப் பொனெட்டுக்குள் இருக்கும் முனைகளில் மாட்டிவிடுங்கள். கீழ்த்தளத்தில் பிளக் இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 18 மார்ச் 2020இல் தொடங்கி வாரக்கணக்கில் நீண்டபோது, எங்கள் அடுக்குமாடியில் கிளம்பாமல் போனவை பெரும்பாலும் டேஷ் கேம் மாட்டிய கார்கள். ஊருக்குப் போகும் முன் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

தஞ்சோங் பூங்கா | பினாங்கு

எனக்கும் முடிந்தது. குட்டி பேட்டரியை மட்டும் மாற்றினேன், எச்சரிக்கை போய்விட்டது, ஈகோ விளக்கு பச்சையாக எரிகிறது. பெரியது டெஸ்டரில் நன்றாக வந்தது. கிளாம்ப் மீட்டர் ஒன்று நானும் வாங்கி வைக்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

மின்னோட்டம் | பாயான் லெப்பாஸ்

டிசி ஆம்பியர் அளக்கும் மாடலா என்று அட்டைப் பெட்டியிலேயே பாருங்கள் ஐயா. விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பல ஏசி மட்டும் அளக்கும், காருக்கு அது உதவாது. 10 மில்லி ஆம்பியர் வரை பிரித்துக் காட்ட வேண்டும். அளப்பதற்கு முன் கேபிளைச் சுற்றாமல் சுழியம் செய்யும் பொத்தானை அமுக்கிவிட்டுப் பிறகு கேபிளில் போடுங்கள்.